பட்டா என்றால் என்ன என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்

நில நிர்வாகத்திலும் வருவாய்த் துறையிலும் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

“பட்டா உரிமை ஆவணம் ஆகாது. மனுதாரர் உரிய உரிமையியல் நீதிமன்றத்தை நாடிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம். மனு நிராகரிக்கப்படுகிறது.”

என் அம்மா கொடுத்த பட்டா திருத்த மனுவுக்கு வந்த பதில் இவ்வளவுதான். எந்த ஆவணத்தைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை, யார் பார்த்தார்கள் என்று ஒரு சொல் கிடையாது. அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வாசித்துக் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “பட்டா ஒன்றும் இல்லை என்றால், அது இல்லையென்று நமக்கு ஏன் கடன் தர மாட்டேன் என்கிறார்கள்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரையை ஒட்டியது. தர்மபுரி மாவட்டமா கிருஷ்ணகிரி மாவட்டமா, எந்த வட்டம், எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. எழுதினால் அங்கே இருப்பவரை வேறிடத்துக்கு மாற்றுவீர்கள். வருகிறவர் இதே வாக்கியத்தைத்தான் எழுதுவார். இரண்டு மாவட்டத்திலும் எனக்குத் தெரிந்த பலரிடம் இதே வாக்கியம், எழுத்து மாறாமல், இருக்கிறது.

விஷயம் இது. தாத்தாவுக்கு நான்கு ஏக்கர் எண்பது சென்ட் புஞ்சை. கேழ்வரகும் துவரையும் விளையும் கொல்லை, ஓரத்தில் மாமரங்கள். 1971இல் பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் சரிபாதியாகப் பாகப்பிரிவினை செய்து, பத்திரம் பதிவாகி, ஆளுக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். அதன்பின் அவரவர் பங்கை அவரவர் உழுதார்கள், அவரவர் பெயரில் கிஸ்தி, அதாவது நிலவரி, கட்டினார்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் எல்லோரும் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். பழைய பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏரும் ஆயின. அந்தப் புது எழுத்தில் நான்கு ஏக்கர் எண்பது சென்ட்டும் 1.94.0 ஹெக்டேர் என்று மொத்தமாகப் பெரியப்பா ஒருவர் பெயருக்குப் போய்விட்டது. அப்பா பெயர் எங்குமே இல்லை.

இது நடந்தது அப்பாவுக்கு வெகு காலம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கணக்கு எழுதும் இடத்தில் நடந்தது கணக்கு எழுதும் இடத்திலேயே கிடந்தது. நிலத்தை அவர்தான் உழுதுகொண்டிருந்தார், அதனால் அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அதாவது யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் கணக்கு நகல், கேட்டபோதுதான் வெளியே வந்தது. அப்பா அலைந்தார், முடிக்காமலே காலமானார். பிறகு பெரியப்பாவும் போய்விட்டார். இப்போது பட்டாவில் இருப்பது இறந்துபோன ஒருவரின் பெயர். நிலத்தின் பாதியில் அவருக்கு என்றுமே உரிமை இருந்ததில்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட பத்திரம் எங்களிடம் இருக்கிறது.

பெரியப்பா மகன்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். “சித்தப்பா பங்கு சித்தி பெயரில் வரட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலோடு கொடுத்திருக்கிறார்கள். அதையும் மனுவோடு இணைத்திருந்தோம். சண்டையே இல்லாத வீட்டைப் பார்த்துத்தான் கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறது உங்கள் அலுவலகம். யார் மேல் வழக்குப் போடுவது? எங்களோடு பொங்கல் வைக்கும் அண்ணன் தம்பி மேலா? அவர்களை எதிர்வாதியாக்கி, அவர்களுக்குச் சம்மன் அனுப்பி, அவர்கள் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து “ஆமாம், இது சித்தி நிலம்தான்” என்று கூண்டில் சொல்ல வேண்டுமா? அதற்கு வக்கீல் கட்டணம் யார் தருவது?

சொல் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் அந்தச் சொல்லை வைத்துத்தான் எங்களைத் திருப்பி அனுப்பினீர்கள் என்பதால், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். சொல் என்றால் பின்னாலேயே போகிற பழக்கம் விடவில்லை.

வடமொழியில் ‘பட்ட’ என்றால் துணிப்பட்டை, தலையில் கட்டும் பட்டை, எழுதும் பலகை, அரசர் கொடைகளையும் கட்டளைகளையும் பொறிக்கும் செப்புத் தகடு என்று பல பொருள் உண்டு. பட்டயம் என்று நாம் சொல்வதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு, மாற்ற முடியாதபடி எழுதிக் கொடுப்பது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வடக்கே இந்தியிலும் மராத்தியிலும் அது ‘பட்டா’ ஆனபோது குத்தகைச் சீட்டு என்ற பொருள் ஏறிக்கொண்டது. இன்றும் இந்திக்காரரிடம் பட்டா என்றால் குத்தகை என்றுதான் எடுத்துக்கொள்வார். தமிழுக்கு வந்தது இந்த வருவாய்க் கணக்கு வழிப் பொருளோடுதான்.

உங்கள் அலுவலகத்தின் மற்றச் சொற்களையும் பாருங்கள். தஹ்சீல் என்றால் அரபியில் வசூல், அதை வைத்திருப்பவர் தாசில்தார். கிஸ்தி என்றால் தவணை. பசலி என்றால் அறுவடை. அறுவடையானதும் வரி கேட்கலாம் என்பதற்காக ஜூலையில் தொடங்கும் ஆண்டு. ஜமாபந்தி என்றால் வர வேண்டிய மொத்தத்தைக் கட்டி முடிப்பது. ரயத்து என்ற சொல்லின் அரபி வேரில் மேய்க்கப்படும் மந்தை என்ற பொருளும் குடிமக்கள் என்ற பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. கலெக்டர் என்பதும் வசூலிப்பவர்தான். நாம்தான் அதை ஆட்சியர் என்று தமிழாக்கி அவரை ஆள்பவராக உயர்த்திவிட்டோம். இத்தனைக்கும் நடுவே சுத்தத் தமிழாக நிற்பவை அடங்கலும் புறம்போக்கும்தான். பயிர் விவரம் எல்லாம் அடங்கிய கணக்கு ஒன்று, கணக்குக்குப் புறம்பாகப் போனது இன்னொன்று. என் அப்பாவின் நிலை இரண்டாவது.

இந்தச் சொற்கள் எல்லாம் இங்கே ஒன்றுகூடி ஒரு முறையாக ஆனது எங்கள் மண்ணில்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் ஒன்று. பாராமகால் என்றால் பன்னிரண்டு மகால். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, அதை ஒட்டிய திருப்பத்தூர்ப் பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே உதவியாளராக வந்த இளம் படை அதிகாரி தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே இருந்தார், தர்மபுரியில் வீடு வைத்துக்கொண்டு. ஜமீன்தார், குத்தகைதாரர் என்று நடுவே ஆள் வைக்காமல், வயல் வயலாக அளந்து, உழுகிறவரோடு நேராக அரசு கணக்கு வைத்துக்கொள்வது என்ற ரயத்துவாரி முறை இங்கேதான் பழகிப் பார்க்கப்பட்டது. அதே மன்றோ 1820இல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னரானபோது அதுவே மாகாணத்தின் பொது முறையானது. சென்னை அண்ணா சாலைப் பக்கம் சேணமில்லாத குதிரைமேல் அவரைச் சிலையாகப் பார்த்திருப்பீர்கள்.

அவர்கள் யாரும் தர்மம் செய்ய வரவில்லை. வரி வேண்டும், இடையில் எவனும் தின்னாமல் வேண்டும், அதற்காகச் செய்தார்கள். நடுவில் 1802க்குப் பிறகு நிரந்தரத் தீர்வை என்று சொல்லி எங்கள் ஊர்களையெல்லாம் மிட்டா என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்றதும் அதே கம்பெனிதான். ஆனாலும் அவர்கள் முறையில் ஒன்று இருந்தது. பட்டா தனியாக வரவில்லை, ஜோடியாக வந்தது. அரசு அல்லது நிலப்பிரபு எழுதிக் கொடுப்பது பட்டா. அதை வாங்கிக்கொண்டு குடியானவர் திருப்பி எழுதிக் கொடுப்பது முச்சிலிக்கா. துருக்கி மொழியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல் அது. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு என்று பொருள். இன்ன நிலம், இன்ன தீர்வை என்று ஒருவர் எழுத, சரி, கட்டுகிறேன் என்று மற்றவர் எழுதுவார்.

1865ஆம் ஆண்டின் எட்டாம் சட்டம் ஜமீன் பகுதிகளில் இதைக் கட்டாயமாகவே ஆக்கியது. பட்டாவும் முச்சிலிக்காவும் மாற்றிக்கொள்ளாத நிலப்பிரபு, குத்தகை வரவில்லை என்று வழக்குப் போட முடியாது. அதாவது சரியாக எழுதிக் கொடுக்காதவனுக்கு வசூலிக்கும் உரிமையும் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனால் எழுதிக் கொடுப்பவருக்கும் கடமை உண்டு என்பது அதில் இருந்தது. முச்சிலிக்கா இன்று வழக்கொழிந்து அகராதியில் இருக்கிறது. அதோடு சேர்ந்து உங்கள் பக்கக் கடமையும் வழக்கொழிந்துவிட்டதா என்பதுதான் என் கேள்வி.

தாத்தாவின் பழைய பட்டா எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய பழுப்புத் தாள். அச்சடித்த கட்டங்களுக்குள் கறுப்பு மையில் சர்வே எண், விஸ்தீரணம், தீர்வை. அதனோடு நூலில் கோத்த கிஸ்தி ரசீதுகள். ஒன்றில் பசலி 1371 என்று இருக்கிறது; 1961 ஜூலையிலிருந்து 1962 ஜூன் வரை. கணக்குப்பிள்ளையின் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் அடுத்த கட்டம் வரை நீளும். அந்த மனிதரைப் பற்றி ஊரில் நல்ல பேச்சும் உண்டு, கெட்ட பேச்சும் உண்டு. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் யூ.டி.ஆர். வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், எந்தக் கொல்லை யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் வெளியே போனார்கள், ஊருக்குப் புதியவர்கள் உள்ளே வந்தார்கள் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிழை எங்கள் வீட்டில் பிறக்கவில்லை.

பட்டா உரிமை ஆவணம் ஆகாது என்பதை நான் மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் பல தீர்ப்புகளில் சொன்னதுதான்: வருவாய்ப் பதிவேடுகள் வரி வசூலுக்காக இருப்பவை, அவை யாருக்கும் உரிமையை உண்டாக்குவதுமில்லை, பறிப்பதுமில்லை. நல்ல கொள்கை. பொய்யாகப் பட்டா வாங்கிக்கொண்டு அடுத்தவர் நிலத்தில் நிற்பவனிடமிருந்து ஏழையைக் காப்பாற்றும் கொள்கை. அதை உங்கள் அலுவலகம் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. உரிமை ஆவணம் அல்ல என்பதற்கு, அதில் தவறாக எழுதலாம், எழுதியதைத் திருத்த வேண்டியதில்லை என்று பொருள் கிடையாது. அது உங்கள் கணக்கு என்றால், அதில் உள்ள பிழையும் உங்கள் பிழை. மளிகைக் கடைக்காரர் எங்கள் பற்றை வேறொருவர் பெயரில் எழுதிவைத்துவிட்டு, “என் நோட்டு ஒன்றும் உரிமை ஆவணம் இல்லை, கோர்ட்டுக்குப் போ” என்று சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போமா?

நடைமுறையில் பட்டா என்னவாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பயிர்க்கடனுக்குச் சிட்டா. பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டாவும் அடங்கலும். ஆழ்துளைக் கிணற்றுக்கு விவசாய மின் இணைப்பு கேட்டால் அதற்கும் இவைதான். வறட்சி நிவாரணம் என்றாலும் வெள்ள நிவாரணம் என்றாலும் பட்டாதாரர் யார் என்று பார்த்துத்தான் பணம். பிரதமர் கிசான் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் பதிவாகியிருந்தது என்பதுதான் அளவுகோல். அதனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை, இறந்தவர் வந்து வாங்க முடியாது என்பதால் பெரியப்பா வீட்டுக்கும் வரவில்லை. நிலவரியால் அரசுக்கு இன்று வரும் பணம் சொற்பம். வரிக்காகப் பிறந்த தாள், வரி செத்த பிறகு, அரசு தருகிற ஒவ்வொன்றுக்கும் வாசற்படியாகிவிட்டது. கொடுக்கும்போது அது எல்லாமும் ஆகிறது. திருத்தக் கேட்கும்போது மட்டும் ஒன்றுமில்லாமல் போகிறது.

1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புக் சட்டத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வட்டாட்சியர் முடிவு பிடிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன் பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று வழி வைத்திருக்கிறது. யூ.டி.ஆர். பிழைகளைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலருக்கு இருக்கிறது. எங்களுக்கு வந்த பதிலில் இதில் ஒன்றுகூட இல்லை. மனு அவர் மேசைக்குப் போகவே இல்லை, கீழேயே முடித்துவிட்டார்கள். பாதை இருக்கிறது என்பதையே மறைத்துவிட்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தின் பக்கம் கை காட்டியிருக்கிறார்கள். ஒரு மனுவை முடித்தால் கோப்பு குறைகிறது, எண்ணிக்கை அழகாகத் தெரிகிறது. நிராகரிப்பும் கணக்கில் ‘முடிக்கப்பட்ட மனு’தானே.

பேச்சுக்குப் பேச்சாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் கெட்டவர் அல்ல. வேறு ஊர்ப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார், சான்றிதழ், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அம்மாவும் நானும் தங்கையும் போய் நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “ஆண் வாரிசு யாரும் இல்லையா அம்மா?” என்பது. இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மனைவியையும் மகளையும் முதல் வகுப்பு வாரிசுகளாக வைத்தது. 1989இல் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களுக்கு முன்னால் அதைத் திருத்தி, பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்றது; நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. நமக்கு நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சட்டம் இது. கிராமத்து மேசையில் அந்தப் பெருமை இன்னும் வந்து சேரவில்லை.

இடைத்தரகர்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை நிழலில் நிற்பவர், எங்கள் மனு நிராகரிக்கப்பட்டது எங்களுக்கே தெரிவதற்கு முன்னால் அதைத் தெரிந்துவைத்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். ‘இப்படி எழுதக் கூடாது அம்மா, எழுத வேண்டிய விதம் வேறு’ என்றார். விதத்துக்கு ஒரு தொகையும் சொன்னார். பட்டா மாற்ற லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்தியை நீங்களும் நாளிதழ்களில் படிக்கிறீர்கள். காரணம் எழுதாத நிராகரிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே இந்த விதம் விற்பனைக்கு வந்துவிடும்.

ஆண்டுதோறும் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்கும் சென்ற முறை போயிருந்தோம். பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரி வந்து நில அளவைச் சங்கிலியையும் கருவிகளையும் பார்வையிட்டார், கிராமக் கணக்குகளைப் புரட்டினார், போட்டோ எடுத்தார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது. பழைய சடங்கு என்றாலும் கணக்கை வெளியே கொண்டுவந்து வெயிலில் வைக்கிற சடங்கு அது. எங்கள் முறை வந்தபோது மனுவை வாங்கி, முத்திரை குத்தி, அதே வட்ட அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். அங்கிருந்துதான் இந்தப் பதில் வந்தது.

இனி, எங்களுக்கு வேண்டியவை.

என் அம்மாவின் மனுவையும் அதுபோன்ற மனுக்களையும் மாவட்ட வருவாய் அலுவலர் நேரில் எடுத்து விசாரிக்க உத்தரவிடுங்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேடு ஒருபக்கம், பதிவு பெற்ற பத்திரம் ஒருபக்கம், இப்போதைய பட்டாதாரரின் வாரிசுகள் கொடுத்த ஒப்புதல் ஒருபக்கம் என்று மூன்றும் ஒன்றையே சொல்லும்போது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும் பழக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் நிறுத்துங்கள். உண்மையில் தகராறு இருக்கிற மனுக்களை மட்டும் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். அதிலும் தகராறு என்ன, யாருக்கு யாரோடு என்று எழுதி அனுப்புங்கள்.

நிராகரிப்பு உத்தரவு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படிவம் கொடுங்கள். பார்த்த ஆவணங்கள், ஏற்காததற்குக் காரணம், முடிவெடுத்தவரின் பதவி, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள். எல்லாம் தமிழில், எட்டாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி. இவை இல்லாத உத்தரவு செல்லாது என்று உங்கள் துறையே அறிவிக்க வேண்டும். காரணமில்லாத நிராகரிப்பை முடிக்கப்பட்ட மனுக்களின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எந்த சர்வே எண் யாருடையது என்று ஊர்வாரியாக எழுதிய பழைய ‘அ’ பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இன்று சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்க முடிவதைப்போல இவற்றையும் பார்க்க வழி செய்யுங்கள். கரையான் அரிப்பதற்குள் செய்யுங்கள். எங்கள் ஊர்ப் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டபோது ‘கிடைக்கவில்லை’ என்று ஒருமுறையும், ‘தேடவேண்டும்’ என்று ஒருமுறையும் சொன்னார்கள். அரசின் பதிவேடு தொலைந்திருந்தால் அதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் சுமையை மனுதாரர் தலையில் வைக்கக் கூடாது.

வாரிசு அடிப்படையில் பெயர் மாற்றும்போது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் பதிவாகி இருந்தாலொழிய, மனைவி மகள் உட்பட எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு மறுபடியும் அறிவுறுத்துங்கள். விட்டுப்போனால் ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள்.

வரும் ஜமாபந்தியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஒவ்வொரு வட்டத்திலும் யூ.டி.ஆர். பிழைகளுக்கென்று தனி நாளும், உத்தரவு போடும் அதிகாரமுள்ள அலுவலர் ஒருவரும் வேண்டும். மனுவை வாங்கி அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும் மேசை வேண்டாம். ரயத்துவாரி இங்கே தொடங்கியது. அதன் பிழை திருத்தமும் இங்கிருந்து தொடங்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பட்டாவின் அடியிலும் இது எதற்குச் சான்று, எதற்குச் சான்றல்ல, இதில் பிழை இருந்தால் திருத்தித் தருவது யார் பொறுப்பு என்று நான்கு வரி தமிழில் அச்சிடுங்கள். உரிமை ஆவணம் அல்ல என்பதையும் அதிலேயே போடுங்கள். போட்டுவிட்டு, அந்தத் தாளைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மின்வாரியத்துக்கும் வேளாண்மைத் துறைக்கும் அனுப்பி, பட்டாவில் பிழை திருத்த மனு நிலுவையில் உள்ளவருக்குப் பத்திரம், நிலம் அவர் அனுபவத்தில் இருப்பதற்கான சான்று ஆகியவற்றின் பேரில் கடனும் காப்பீடும் கொடுக்கலாமா என்று அவர்களிடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலின் நகல் ஒன்று எங்களுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரையிலிருந்து,
ஒரு பட்டா மனுதாரரின் மகள்